நேராக நின்ற அட்டி

2025 ஜூன் 16, திங்கட்கிழமை. கண்புரை அறுவை முடிந்து நாற்பத்தொன்பது நாள் கழித்து கெங்கம்மாள் வேலைக்குத் திரும்பிய காலை அது. பூந்தமல்லியில் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பும் தெருவில், இடது கைப் பக்கம், அப்துல் ரசாக்கின் விறகு மண்டி; அந்தப் பக்கத்தில் அதை விறகுத் தொட்டி என்பார்கள். சாப்பாட்டுப் பையோடு கேட்டுக்குள் இரண்டடி வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

தெருவோரத் தகர வேலியை ஒட்டிப் புதிதாக ஓர் அட்டி எழுந்திருந்தது. சவுக்கை மூன்றடித் துண்டுகளாக அறுத்து, பிளந்து, காற்றும் வெயிலும் பட்டுக் காய்வதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய விறகுச் சுவர். அதைத்தான் தொட்டியில் அட்டி என்பார்கள். நீளம் நாற்பது அடி, உயரம் பன்னிரண்டு அடி. சித்தாளும் கொத்தனாரும் சேர்ந்து பூசிவிட்ட சுவர் மாதிரி, நூல் பிடித்தாற்போல் நின்றது.

லோடு வண்டி ஓட்டும் கஜபதி பீடியை அணைத்துவிட்டு வந்தார். "யம்மோவ்! புதுக் கண்ணு எப்டி கீது? என்னப் பாத்தா அயகா தெரியுதா?"

"நீ இன்னும் மோசமா தெரியற. இத்த யாரு கட்டுனது?"

"வெற்றிதான். சூப்பரா கீதுல்ல? கொலு வைக்கலாம்."

"நேரா கீதே," என்றார் கெங்கம்மாள்.

கஜபதி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கெங்கம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. திருமழிசைப் பக்கத்துப் பண்ணைக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் பூந்தமல்லிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தொட்டியில் முப்பத்து மூன்று வருடமாக அட்டி கட்டுகிறார். இரண்டு கட்டைகளைக் கையிலெடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். காய்ந்தது கணீரென்று பேசும், ஈரம் மொத்தென்று விழும். கல்யாணச் சமையல்காரர்கள் அவர் தட்டிக் காட்டாத விறகை வண்டியில் ஏற்றமாட்டார்கள். பிரியாணிக்குத் தம் போடும்போது ஈர விறகு புகைந்தால் ஆயிரம் பேர் சோறும் புகைதான்.

அவருடைய இடது காலில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் 1994-இல் ஓர் அட்டிக்கு அடியில் போயின. அந்த அட்டியும் முதல் நாள் நேராகத்தான் நின்றது.

அதற்குக் காரணம் எளிது. பச்சைக் கட்டை தண்ணீரால் பருத்திருக்கும். காயக் காயச் சுருங்கும். அந்தத் தெருவோர அட்டியின் மேற்கு முகம் வெட்டவெளியாகத் தெருவைப் பார்க்கிறது. மத்தியானம் தொடங்கி ஆறு மணிவரை வெயில் அதன்மேல்தான். கிழக்கு முகம் தொட்டிக்குள்ளே, இன்னோர் அட்டியின் நிழலில். ஒவ்வொரு கட்டையும் மேற்கு நுனியில் சீக்கிரம் மெலிகிறது, கிழக்கு நுனியில் மெதுவாக. ஒரு கட்டையில் அந்த வித்தியாசம் நூல் அளவு. அறுபது வரிசை ஏறும்போது அது நூலாக இருப்பதில்லை. அட்டி வெயிலைப் பார்த்துச் சாய்கிறது.

அதனால் கெங்கம்மாள் தெருவோர அட்டியை எப்போதும் ஒரு சாண் கிழக்கே சாய்த்தே கட்டுவார். முதல் நாள் பார்ப்பவர்கள் அது தொட்டிக்குள் விழப்போகிறது என்று சிரிப்பார்கள். மூன்றாவது மாதம் அது நிமிர்ந்திருக்கும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை. அவர் மகள் வீட்டில், ஆவடியில், கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு கிடந்த மே முதல் வாரத்தில் இரண்டு லாரி சவுக்கு வந்து இறங்கியது. எல்லோரும் பாய் என்று கூப்பிடும் முதலாளி அப்துல் ரசாக், அதை அடுக்க வெற்றிச்செல்வனைக் கூப்பிட்டார்.

வெற்றிச்செல்வனுக்கு நாற்பத்திரண்டு வயது. திண்டிவனத்துக்காரர். பாலத்தூண்களுக்குச் சாரமும் பலகையும் கட்டிய கை. பையில் எப்போதும் பித்தளைத் தூக்குக்குண்டு இருக்கும். அட்டியின் ஒவ்வொரு முழத்துக்கும் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் அடுக்கினார். வாழ்க்கையில் கோணலாக எதையும் கட்டியதில்லை என்பது அவருடைய பெருமை.

கெங்கம்மாள் வேலிக்கு வெளியே போய்ப் பார்த்தார். அப்போது மணி ஏழே கால். அட்டியின் நிழல் தெருவில் நீளமாக விழுந்திருந்தது. நிழலுக்குள் பதினைந்து பேர்.

சாலை அகலப்படுத்தும் வேலைக்காகத் தெருமுனை மரங்களை எடுத்த பிறகு, கம்பெனி வேன்களுக்கும் பஸ்களுக்கும் காத்திருப்பவர்கள் இங்கே வந்துவிட்டார்கள். காலையில் அந்தத் தெருவில் வேறு நிழல் கிடையாது. யாரோ இரண்டு ஹாலோ பிளாக்கின்மேல் ஒரு கருங்கல் பலகையை வைத்து உட்கார இடமும் பண்ணியிருந்தார்கள். வேலிக்கும் பலகைக்கும் நடுவே இரண்டடி.

பலகையில் வர்ஷா உட்கார்ந்து டிபன் பாக்ஸிலிருந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்தெரு அடுக்குமாடியில் குடியிருப்பவர். தாராபுரத்திலிருந்து வந்து போரூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. கெங்கம்மாளை அவருக்குத் தெரியும். அறுவை முடிந்து ஆவடிக்குக் கிளம்புமுன், கண் மருந்துப் புட்டியில் இருந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லி, கெங்கம்மாளின் போனில் நாலு வேளைக்கு அலாரம் வைத்துக் கொடுத்தது அவர்தான்.

"வந்துட்டீங்களாம்மா! மருந்து விடறீங்ளா?"

"உட்டுக்கினுதான் கீறேன். நீ இங்க உக்காராதம்மா. அப்டி போயி நில்லு."

"ஏனுங்?"

"இது இப்டி சாயும்."

வர்ஷா திரும்பி மேலே பார்த்தார். விறகுச் சுவர் செங்குத்தாக நின்றது. "நேராத்தானுங்ளே இருக்குது?"

"அதாம்மா."

வர்ஷா மரியாதைக்காக இரண்டு நாள் வெயிலில் நின்றார். மூன்றாம் நாள் பலகைக்குத் திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போவார். தொட்டி ஒரு மணிநேரம் அமைதியாக இருக்கும். அந்த நேரம் பார்த்து கெங்கம்மாள் வெற்றிச்செல்வனிடம் போனார்.

"நைனா, உன் குண்ட எடுத்தா. மேல் கட்டையிலேந்து தொங்க உடு."

"சந்தேகமாக்கா? நானே விட்டுக் காட்டறேன்." அவர் ஏணி போட்டு ஏறி, தெருப் பக்கம் மேல்வரிசைக் கட்டையின் நுனியிலிருந்து கயிற்றை இறக்கினார். குண்டு தரைக்கு மேலே ஆடி நின்றது. கெங்கம்மாள் குனிந்து, குண்டுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே கையை வைத்தார். நியாயப்படி இடைவெளியே இருக்கக் கூடாது.

மூன்று விரல்.

"காத்துல ஆடுதுக்கா," என்றார் வெற்றிச்செல்வன்.

அன்று காற்று இல்லை.

பாயிடம் சொன்னபோது அவர் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டார். அப்துல் ரசாக் கெட்ட முதலாளி இல்லை. கண் அறுவைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதே அவர்தான். "கெங்கம்மா, டாக்டர் இன்னா சொன்னாரு? மூணு மாசத்துக்குப் பார்வ செட் ஆவாதுன்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"அதான். உனுக்கு இப்ப மசூதியே சாஞ்சிதான் தெரியும்."

"கண்ணால பாக்கல பாய். கையால அளந்தேன். மேல பத்து வரிச எறக்கிடு, போதும்."

"எறக்கி எங்க வைக்கறது? தரையில போட்டா கரையான். சமையல்காரருக்கு ஆவணி ஒண்ணாந்தேதி வண்டி ஏத்தணும், காஞ்சது காஞ்சபடி குடுக்கறேன்னு வாக்கு குடுத்துட்டேன். அதுவரிக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

ஆவணி ஒன்று என்றால் ஆகஸ்ட் 17. இன்னும் எட்டு வாரம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கெங்கம்மாள் தெருவில் நின்று, அறுவை செய்த கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு மற்றதை மூடிக்கொண்டு பார்த்தார். ஒரு கண்ணுக்குச் சாய்ந்திருந்தது. மறு கண்ணுக்குக் கலங்கலாக இருந்தது. பாய் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது. அதனால்தான் அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் கண்ணை நம்பாமல் கையை வைத்துப் பார்த்தார்.

ஜூன் கடைசியில் பாய் வெற்றிச்செல்வனைக் குத்தம்பாக்கத்துக்கு அனுப்பினார். புதுப் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு காலி மனையை எடுத்திருந்தார். அங்கேயும் விறகு இறங்கியது. பத்து நாளில் இரண்டு அட்டி கட்டிவிட்டு வெற்றிச்செல்வன் பூந்தமல்லிக்குத் திரும்பினார். ஜூலை 4, ஆறு விரல். ஜூலை 18, ஒரு சாண். வெற்றிச்செல்வன் காற்று என்று சொல்வதை நிறுத்தியிருந்தார். அவரே ஏணியைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அளந்த பிறகு குண்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைக்க அவருக்கு முன்னைவிட நேரமானது.

அட்டி பேசவும் தொடங்கியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு முகம் சூடேறினால் கட்டைகள் வெடித்துக் கீறும் சத்தம், பல்லி கத்துவது மாதிரி, இங்கொன்றும் அங்கொன்றும். எல்லா விறகும் காயும்போது செய்யும் சத்தம்தான். ஆனால் இந்த அட்டியில் அதற்கு நடுவே இன்னொன்று இருந்தது. ஒரு கட்டை இன்னொன்றின்மேல் இழுபடும் சத்தம். கெங்கம்மாள் அதைக் கேட்டால் கை வேலையை விட்டுவிட்டு நிற்பார்.

ஆட்களை அங்கிருந்து நகர்த்த அவர் தன்னால் ஆனதைச் செய்தார். காலை ஆறரைக்கே வந்து பலகையைச் சுற்றிக் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கினார். வந்தவர்கள் செங்கல் போட்டு நின்றார்கள். சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் பரப்பினார். யாரோ அதைப் படமெடுத்து அடுக்குமாடி வாட்ஸாப் குழுவில் போட, பத்து மணிக்குப் பாயின் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது.

"எம் பேர நாறடிக்கிறியே கெங்கம்மா!" என்று கத்திய பாய், தானே குனிந்து முள்ளை இழுத்துப் போட்டார். முழங்கையில் கீறி ரத்தம் வந்தது. ஆனால் நிமிர்ந்தபோது அவர் அட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தார். மறுநாள் இரண்டு சவுக்குக் கம்பங்களை வரவழைத்து, தெருப் பக்கமிருந்து அட்டிக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னார்.

"முட்டு குடுத்தா இன்னும் மோசம் பாய். மேல அழுத்தறத அது நடுவுல புடிக்கும். வயிறு தள்ளும்."

"அடங்க மாட்டியா நீ?"

ஆகஸ்ட் 1, ஒரு சாணும் நாலு விரலும். முட்டுக்கு மேலே அட்டியின் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருந்தது. பலகையில் உட்காருபவர்களுக்கு முட்டுக் கம்பங்கள் வசதியாகப் போய்விட்டன. ஒருவர் ஹெல்மெட்டை மாட்டினார். வர்ஷா கைப்பையை மாட்டினார்.

அடுத்த வாரம் வெள்ளியும் சனியும் சாயங்காலம் மழை. மேற்கிலிருந்து அடித்த மழை. அட்டியைத் தரையிலிருந்து தூக்கி வைத்திருந்த அடிக்கற்களில், தெருப் பக்கத்துக் கற்களுக்குக் கீழே மண் ஊறியது. வெள்ளிக்கிழமை அளக்க முடியவில்லை. பாய் சவுக்குத் தோப்பு பார்க்க கூடூர் போயிருந்ததால் தொட்டி வேலை முழுக்க இருவர் தலையிலும் விழுந்திருந்தது. ஞாயிறு, ஆகஸ்ட் 10, தொட்டிக்கு விடுமுறை. ஆனாலும் கெங்கம்மாள் மத்தியானம் ஒரு மணிக்கு வந்தார். கேட்டில் வெற்றிச்செல்வன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை.

இந்த முறை அவர் ஏணியை அட்டியில் சாய்க்கவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லாமல், வேலியின் இரும்புத் தூணில் சாய்த்து ஏறி, நீளக் கொம்பின் நுனியில் கயிற்றைக் கட்டி நீட்டி, குண்டை இறக்கினார். ஒரு முழத்துக்கு இரண்டு விரல் குறைவு. அடிக்கற்களில் மூன்று மண்ணுக்குள் இறங்கியிருந்தன.

வெற்றிச்செல்வன் இறங்கி வந்து பாய்க்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பாயின் குரல், பின்னால் லாரி ஹாரன். "நாளிக்கி மத்தியானம் வந்துடறேன். அதுவரிக்கும் தொடாதீங்க. நான் வந்து பாக்கறேன்."

"பாய், நாளிக்கி மத்தியானமா?" என்றார் கெங்கம்மாள். போன் கட்டாகிவிட்டது.

தெரு காலியாக இருந்தது. பலகையின்மேல் யாரோ விட்டுப்போன பிஸ்கட் தாள் கிடந்தது.

"நாளிக்கி ஏயரைக்கு வேன் வரும்," என்றார் கெங்கம்மாள். "பாய் வர்றதுக்குள்ள மணி ரெண்டாயிடும்."

வெற்றிச்செல்வன் எழுந்துபோய்ச் சாரக்கயிற்றை எடுத்துவந்தார்.

கஜபதியை வண்டியோடு கூப்பிட்டார்கள். அவர் பனியனோடு வந்து விஷயத்தைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஞாயித்துக்கெயம அதுவுமா கறிக்கொயம்பு சட்டியிலேந்து எய்ப்பி வந்தா, மொதலாளி விறக சாய்க்கச் சொல்றீங்க. எனுக்கு வேல போனா யாரு சோறு போடுவா? நீயா யம்மோவ்?"

"போடறேன்டா. கயித்தக் கட்டு."

வெற்றிச்செல்வன் இரண்டு முட்டுக் கம்பங்களின் அடியிலும் கயிற்றைக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை கெங்கம்மாள் வேலிக்கு உள்ளே நின்று அட்டியின் மேல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கட்டை அசைந்தாலும் கத்துவதாக ஏற்பாடு. தெருவின் இரண்டு முனையிலும் முள்ளைப் போட்டார்கள். கயிறு எழுபதடி. வண்டி தெருவின் தெற்குக் கோடியில். மூவரும் அங்கே போய்ச் சேர்ந்ததும் கஜபதி முதல் கியரைப் போட்டார்.

கயிறு விறைத்தது. ஒரு கம்பம் உருண்டது. மற்றது தரையைக் கீறிக்கொண்டு வந்து விழுந்தது.

அட்டி நின்றது.

அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். முட்டு இல்லாமல், புடைத்த வயிறோடு, அட்டி அப்படியே நின்றது. காக்கை ஒன்று வந்து மேலே உட்கார்ந்து பறந்தது. பாய் சொன்னது சரி, தன் கண்தான் கோணல், தன் கைதான் கோணல் என்று அந்த இரண்டு நிமிடத்தில் கெங்கம்மாள் முழுதாக நம்பினார். பின்னாளில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார்.

கஜபதி சிரித்துவிட்டார். "பாத்தியா? கல்லு மாரி கீது. இத்தப் போயி சாயுதுன்னு ரெண்டு மாசமா உயிர வாங்கினியே. உடு, நான் போயி கயித்த அவுத்துக்கினு வரேன்." முன்னால் நடந்தார்.

கெங்கம்மாள் அவர் பனியனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். அது கிழிந்தது.

"ஏய், இன்னா பண்ற!"

"நில்லுடா!"

இழுபடும் சத்தம் அவருக்குத்தான் முதலில் கேட்டிருக்கிறது. பிறகு மற்ற இருவருக்கும் கேட்டது. மேல் வரிசையில் ஒரே ஒரு கட்டை மெதுவாக நகர்ந்து தெருவில் விழுந்து துள்ளியது. அதற்குப் பின்னால் வயிறு வெடித்தது. நாற்பதடி நீளமும் ஒரே நேரத்தில் போகவில்லை. வடக்குக் கோடியில் தொடங்கி தெற்கே, கோரைப்பாயைச் சுருட்டுவது மாதிரி, அவர்களை நோக்கி ஓடிவந்தது. தகர வேலி மடங்கியது. கட்டைகள் தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரில் மோதின. புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியபோது, காய்ந்த சவுக்கு வாசனை தெரு முழுக்க நின்றது.

கஜபதி கிழிந்த பனியனோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அன்று முழுக்க அவர் ஒரு வார்த்தையும் கிண்டல் பேசவில்லை.

பலகை இருந்த இடத்தைத் தேட அரை மணிநேரம் கட்டைகளை அள்ள வேண்டியிருந்தது. கருங்கல் மூன்று துண்டாகியிருந்தது. ஹாலோ பிளாக் தூளாகியிருந்தது. வெற்றிச்செல்வன் ஒரு துண்டை எடுக்கக் குனிந்து, எடுக்காமல் நிமிர்ந்தார்.

திங்கட்கிழமை ஏழரைக்குப் பதினைந்து பேரும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றார்கள். சிலர் போனில் படமெடுத்தார்கள். வர்ஷா தெருவைக் கடந்து வந்து, கல் துண்டுகளுக்குப் பக்கத்தில் நின்றார். "மருந்து விட்டீங்ளாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"உடணும்."

"இப்ப விட்றலாம், வாங்க." கெங்கம்மாளை வண்டியின் பின்பலகையில் உட்கார வைத்து, தலையைப் பிடித்து அண்ணாந்து பார்க்க வைத்து, இரண்டு சொட்டு விட்டார். ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. வேன் ஹாரன் அடித்தது.

பாய் இரண்டு மணிக்கு வந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் நீளவாக்கில் நடந்து பார்த்தார். "இன்னா கெங்கம்மா, இப்டிப் பண்ணிட்டே," என்று தொடங்கினார். கல் துண்டுகளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அவற்றுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு துண்டின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

வெற்றிச்செல்வன் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "பாய்," என்றார். "குத்தம்பாக்கத்துல கட்டின ரெண்டும் இதே மாதிரிதான்."

பாய் திரும்பவில்லை. "தெரு எந்தப் பக்கம்?"

"மேற்கால. நேத்து அங்க வேல பாக்கற ஆளுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். காலைல நெழல் நல்லா விழுதுன்னு ஒருத்தர் டீக்கடை போட்டிருக்காராம். ரெண்டு பெஞ்சு."

"குண்டு போட்டுப் பாத்தியா?"

"கட்டினப்போ பாத்தேன். நேரா இருந்துச்சு."

கெங்கம்மாள் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பாய் வெற்றிச்செல்வனிடம் டீக்கடைக்காரரின் நம்பரைக் கேட்டு வாங்கி இரண்டு முறை அடித்தார். யாரும் எடுக்கவில்லை. அந்த அட்டிகளுக்கு அன்று ஏழாவது வாரம். கஜபதி எழுபதடிக் கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டார். இரண்டரை மணிக்கு நாலு பேரும் குத்தம்பாக்கம் கிளம்பினார்கள்.